வண்டிச் சக்கரமும் வாரண்டிச் சீட்டும்: கொடுக்கல் வாங்கலில் ஒரு பாடம்

தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் ஆகியவற்றின் சட்டங்களைக் கேட்டறிந்து நடப்பதில் நம் மக்கள் அக்கறை காட்டுகின்றனர். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் பள்ளிவாசலின் படியிறங்கிக் கடைவீதியில் கால் வைத்ததும், மார்க்கத்தின் வேலை முடிந்துவிட்டது போல நடந்து கொள்வோர் நம்மில் பலர். வாங்குவது, விற்பது, வாக்குக் கொடுப்பது, வாக்கைக் காப்பது ஆகிய அனைத்துக்கும் ஷரீஅத்தில் தெளிவான சட்டங்கள் இருக்கின்றன. ஃபிக்ஹுக் கிதாபுகளில் வியாபாரத்தின் பாடம் தொழுகையின் பாடத்துக்குச் சற்றும் இளைத்ததல்ல.

இன்று திண்டுக்கல்லிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. பேகம்பூரிலிருந்து தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போகிறவர், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு விடியுமுன் புறப்படுகிறவர், நத்தம் சாலையிலும் வத்தலக்குண்டு சாலையிலும் ஊர் ஊராகத் துணி விற்கிறவர், பிள்ளைகளை மதரஸாவில் கொண்டுபோய் விடுகிற தகப்பனார் எனப் பலருக்கும் அந்த வாகனமே கால். அதன் சக்கரம் கெட்டால் அன்றைய பிழைப்பும் கெடுகிறது. ஆகவே, "வாங்கிய சில மாதத்தில் டயர் வீங்கிவிட்டது, கடைக்காரர் பொறுப்பில்லை என்கிறார். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி நீட்டிப்பு வாரண்டி எடுத்தோமே, அதுவும் உதவாதாம். இது என்ன நியாயம்? அந்தப் பணம் கட்டியதே மார்க்கத்தில் கூடுமா?" என்ற கேள்வியை இங்கு ஒரு பாடமாகவே எடுத்துக் கொள்கிறோம்.

சீட்டுகள் நான்கு

புதிய வண்டி வாங்கும்போது நம் கைக்கு வரும் காகிதங்களை முதலில் பிரித்தறிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு "வாரண்டி" என்று பெயர் சொல்வதால்தான் குழப்பம் பிறக்கிறது.

முதலாவது, வண்டி தயாரித்த கம்பெனி தரும் வாரண்டி. தயாரிப்பில் நேர்ந்த குறைக்கு, இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை, பொறுப்பேற்பதாக அது கூறும். இன்ஜின், கியர் போன்றவை இதில் அடங்கும். டயர், டியூப், பாட்டரி ஆகியவை பொதுவாக இதில் அடங்குவதில்லை. அவற்றை வேறு கம்பெனிகள் செய்து கொடுப்பதால், அவரவரே பொறுப்பு என்று சர்வீஸ் புத்தகத்தில் சிறு எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பிரேக் ஷூ, கிளட்ச் தகடு, செயின், பல்பு போன்ற தேயும் பொருட்களுக்கும் விலக்கு இருக்கும்.

இரண்டாவது, தனியே பணம் கட்டி வாங்கும் நீட்டிப்பு வாரண்டி. முதல் வாரண்டியின் காலம் முடிந்த பிறகு இது தொடங்கும். பெரும்பாலும் முதலாவதில் விலக்கப்பட்டவை இதிலும் விலக்கப்பட்டவையே. எனவே டயருக்காக இதை நம்பியிருப்பவர் ஏமாறுகிறார்.

மூன்றாவது, இன்சூரன்ஸ். பிறருக்கு நேரும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இரு சக்கர வாகனத்துக்கு இது ஐந்தாண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தாலும், வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் தனியே கெட்டால் எதுவும் கிடைக்காது. விபத்தில் வண்டியும் சேதமடைந்து அதனோடு டயரும் கெட்டிருந்தால், மாற்றும் செலவில் பாதி அளவுக்கே கம்பெனி பொறுப்பேற்கும்.

நான்காவது, நம்மில் பலர் கண்ணிலேயே படாதது. அது டயர் தயாரித்த கம்பெனியின் வாரண்டி. டயரின் தயாரிப்புக் குறைக்கு உரிமை கோர வேண்டிய இடம் இதுதான். டயர் விற்பனையாளர் மூலமாகவோ, கம்பெனியின் சேவைப் பிரிவு மூலமாகவோ கோர வேண்டும். வண்டி விற்ற ஷோரூமில் போய் நின்று சண்டையிட்டு நாள்களைக் கழிப்பவர், தட்ட வேண்டிய கதவை விட்டுவிட்டு வேறு கதவைத் தட்டுகிறார்.

டயரைப் படிக்கத் தெரிய வேண்டும்

1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் சக்கரத்தைச் செய்தார். அன்று முதல் இன்றுவரை டயரின் அடிப்படை ஒன்றுதான்: பாரத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருப்பவை ரப்பருக்குள் பதிந்திருக்கும் நூல் அடுக்குகள். காற்று குறைந்தால் நூல்கள் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடாகின்றன. சூடு மிகுந்தால் ரப்பர் நூலை விட்டுப் பிரிகிறது.

டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 100/90-17 55பி என்ற வகையில் இருந்தால், அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம் என்று பொருள். 55 என்பது 218 கிலோ பாரம் தாங்கும் என்பதற்கும், 'பி' என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் தாங்கும் என்பதற்கும் அடையாளம். நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 1225 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 12-வது வாரத்தில் செய்யப்பட்டது. புதிதென்று வாங்கும் டயர் எத்தனை ஆண்டு கடையில் கிடந்தது என்பதை இந்த எண் காட்டிக் கொடுத்துவிடும். பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் சிறு மேடுகள் இருக்கும். மேல்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

இனி, கேட்டின் காரணத்தை அறிவதெப்படி? நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் அடித்திருக்கிறார்கள். இரு ஓரமும் தேய்ந்து, உட்சுவரில் சுற்றிலும் கருத்த மடிப்பும் ரப்பர் தூளும் இருந்தால், காற்றில்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். ஓரிடத்தில் மட்டும் சப்பையாகத் தேய்ந்திருந்தால் பிரேக்கை இறுக்கி வழுக்கியிருக்கிறார்கள். பக்கச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் முட்டை போலப் புடைத்து, அதே இடத்தில் ரிம்மும் நசுங்கியிருந்தால், பள்ளத்திலோ கல்லிலோ மோதி உள்நூல் அறுந்திருக்கிறது. சீமைக்கருவேல முள்ளோ, தோல் ஷாப் வாசலில் சிதறிய ஆணியோ ஏறியதும் வெளியிலிருந்து வந்த கேடு. இவை எதுவும் தயாரிப்புக் குறையல்ல.

மாறாக, வெட்டோ மோதலோ இன்றி மேல்பரப்பு அடுக்காகப் பிரிவது, சரியான காற்று இருந்தும் அலை அலையாக மேடு பள்ளம் தோன்றுவது, புதிய டயரிலேயே பள்ளங்களின் அடியில் வெடிப்புக் காண்பது, ரிம்மில் உட்காரும் விளிம்பு ஒழுங்கின்றி இருப்பது ஆகியவை தயாரிப்பிலேயே இருந்த குறையாகக் கருத இடமுண்டு.

'ஐபு' என்றால் என்ன?

பொருளில் உள்ள குறைக்கு ஃபிக்ஹில் 'ஐபு' என்று பெயர். குறையைக் கண்டு வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கு 'கியாருல் ஐபு' என்று பெயர். உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை ஹனஃபிச் சட்டங்களைத் தொகுத்து வெளியிட்ட 'மஜல்லா' என்னும் சட்டநூல் இதனை வரிசையாக எடுத்துக் கூறுகிறது. நிபந்தனை ஏதும் கூறாமல் ஒரு பொருளை விற்றால், அது குறையற்றது என்பதே அந்த வியாபாரத்தின் உட்பொருள் (336). பழைய குறை வெளிப்பட்டால், வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம். அல்லது பேசிய விலைக்கே வைத்துக் கொள்ளலாம் (337). குறை என்பது வியாபாரிகளிடமும் விஷயமறிந்தவர்களிடமும் விலையைக் குறைக்கக் கூடியதாக இருக்க வேண்டும் (338).

இதில் 'பழைய குறை' என்ற சொல்லைக் கவனியுங்கள். விற்றவரின் கையில் இருக்கும்போதே உள்ள குறையே பழைய குறை. நம் கைக்கு வந்த பின் பள்ளத்தில் விட்டு நாமே உண்டாக்கியது புதிய குறை. புதிய குறைக்கு விற்றவர் பொறுப்பல்லர். தோல் வியாபாரம் அறிந்த நம்மூராருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. உரிக்கும்போதே கத்தி பட்ட வெட்டு வேறு. வாங்கிப் போனவர் பதனிடும்போது விழுந்த கீறல் வேறு. இரண்டையும் தரம் பார்க்கும் அனுபவசாலி விரலால் தடவியே சொல்லிவிடுவார். டயரிலும் அப்படியே.

குறை தெரிந்த பிறகும் பொருளைத் தம் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தினால், அது குறையைப் பொருந்திக் கொண்டதாகக் கருதப்படும். திருப்பும் உரிமை போய்விடும். இமாம் புர்ஹானுத்தீன் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் 'ஹிதாயா'வில் சவாரிப் பிராணியைப் பற்றிய மஸ்அலா ஒன்று உண்டு. குறையை அறிந்த பின் தம் தேவைக்காக அதன்மீது சவாரி செய்தால் அது சம்மதம். ஆனால் விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பதற்காகவோ, தண்ணீர் காட்டவோ, தீவனம் வாங்கவோ ஏறிச் சென்றால் அது சம்மதமாகாது. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் குதிரைக்கும் கழுதைக்கும் கூறப்பட்டது, இன்று மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! டயர் புடைத்திருப்பதைக் கண்ட பின் கடைக்குக் கொண்டு போக ஓட்டினால் உரிமை போகாது. ஆனால் உயிருக்கு ஆபத்தென்றால் ஓட்டாமல் வேறு வண்டியில் ஏற்றிச் செல்வதே கடமை. மாறாக, மூன்று மாதம் அதிலேயே வியாபாரத்துக்குப் போய்விட்டு, வெடித்த பிறகு வந்து முறையிடுவது சரியல்ல.

திண்டுக்கல், பழனி, உத்தமபாளையம் போன்ற உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோரும், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோரும் அதிகம். ஷாஃபிஈ மத்ஹபில் குறையை அறிந்தவுடனே தாமதமின்றி உரிமை கோர வேண்டும். ஹனஃபி மத்ஹபில், சம்மதத்தைக் காட்டும் செயல் இல்லாதவரை தாமதத்தால் மட்டும் உரிமை போய்விடாது. எந்த மத்ஹபினராயினும் உடனே தெரிவிப்பதே பேணுதலுக்கு உகந்தது.

பாதி தேய்ந்த டயருக்கு முழு டயர் கேட்கலாமா?

டயர் கம்பெனிகள் பலவும், குறை தங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டாலும், ஓடிய அளவைக் கழித்தே புது டயர் தருகின்றன. "குறை அவர்களுடையது, நாம் ஏன் பணம் தர வேண்டும்?" என்று சிலர் கோபப்படுகின்றனர்.

கணக்கை ஓர் உதாரணத்தால் காண்போம். புதிய டயரின் பள்ளம் 7 மில்லிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். அடிமேட்டின் உயரம் 1 மில்லிமீட்டர். அப்படியானால் பயன்படும் அளவு 6 மில்லிமீட்டர். குறை வெளிப்பட்டபோது மேட்டுக்கு மேல் 4 மில்லிமீட்டர் எஞ்சியிருந்தது. தேய்ந்தது 2, அதாவது மூன்றிலொரு பங்கு. டயரின் விலை 2,400 ரூபாய் என்றால், 800 ரூபாயை நாம் கொடுத்து, 1,600 ரூபாயைக் கம்பெனி ஏற்றுப் புது டயர் தரும்.

இது அநியாயமா? அல்ல. பொருள் நம் பொறுப்பில் இருந்தபோது அதிலிருந்து கிடைத்த வருமானம் நமக்கே உரியது என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஷரீஃபிலிருந்து ஃபுகஹாக்கள் எடுத்துள்ளனர். வண்டியில் போய் நாம் சம்பாதித்ததில் கம்பெனி பங்கு கேட்க முடியாது. ஆனால் ரப்பர் தேய்ந்தது வருமானமல்ல. பொருளின் உடலிலேயே ஏற்பட்ட குறைவு. நம் கையில் இப்படியொரு குறைவு நேர்ந்த பின் பழைய குறை வெளிப்பட்டால், பொருளைத் திருப்பிக் கொடுத்து முழு விலையையும் கேட்க முடியாது. பழைய குறையின் அளவுக்கு விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம் என்பது மஜல்லாவின் 345-வது பிரிவு. விற்றவர் தாமே பொருந்தி ஏற்றுக் கொண்டால் அதற்குத் தடையில்லை. தேய்மானத்தைக் கழித்துப் புது டயர் தருவது இரு தரப்பும் பொருந்திய இத்தகைய தீர்வே. இந்திய நாட்டின் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமும் 59-வது பிரிவில், வாரண்டி மீறப்பட்டால் வாங்கியவர் விலைக் குறைப்பைக் கோரலாம் என்கிறது. நியாயம் என்பது எங்கு தேடினாலும் ஒரே திசையில் போய்ச் சேருகிறது.

பூட்டின் மஸ்அலா

விற்றவர் தாமே இலவசமாகத் தரும் வாரண்டி கூடுமா? வியாபாரத்துடன் வேறொரு நிபந்தனையைச் சேர்ப்பது பொதுவாகத் தடுக்கப்பட்டதாயிற்றே என்ற ஐயம் எழலாம். ஊர் வழக்கத்தில் நிலைபெற்ற நிபந்தனை கூடும் என்பதே ஹனஃபி உலமாக்களின் தீர்ப்பு. ஹிதாயாவில் இதற்குச் செருப்பும் தோலும் உதாரணம்: தோலை வாங்கி, விற்றவரே அதைச் செருப்பாகத் தைத்துத் தர வேண்டும் என்று பேசிக்கொள்வது மக்களின் வழக்கத்தால் அனுமதிக்கப்பட்டது. மஜல்லாவின் 188-வது பிரிவு பூட்டையே உதாரணமாகக் காட்டுகிறது: பூட்டை வாங்குகிறவர், விற்றவரே அதைக் கதவில் பொருத்தித் தர வேண்டும் என்று நிபந்தனையிட்டால் வியாபாரமும் கூடும், நிபந்தனையை நிறைவேற்றுவதும் விற்றவர் மீது கடமை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இந்த மஸ்அலாவை நாம் அறியாமல் இருக்கலாமா?

ஆகவே, விலையிலேயே அடங்கிய வாரண்டி கூடும். அதை நிறைவேற்றாமல் இழுத்தடிப்பது வாக்குமீறல். உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் தொடக்கத்திலேயே கட்டளையிடுவதை நாம் அறிவோம்.

தனிப் பணம் கட்டும் நீட்டிப்பு வாரண்டி

இங்குதான் நின்று சிந்திக்க வேண்டும். பணம் இன்று நிச்சயமாகப் போகிறது. பதிலுக்கு என்ன வரும்? பழுது நேர்ந்தால் பெரும் செலவு மிச்சம், நேராவிட்டால் ஒன்றுமில்லை. இவ்வாறு முடிவு தெரியாத பேரத்துக்கு 'ஃகரர்' என்று பெயர். ஃகரர் உள்ள வியாபாரத்தை நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்தார்கள் என்பது முஸ்லிம் ஷரீஃபில் வந்துள்ளது. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, நிலையான தவணைத் தொகை கட்டும் வணிக இன்சூரன்ஸில் பெரும் ஃகரர் இருப்பதால் அது கூடாது என்றும், பரஸ்பர உதவி அடிப்படையிலான கூட்டுறவு முறையே அதற்கு மாற்று என்றும் 1985 டிசம்பரில் தீர்மானித்தது. தனிப் பணம் கட்டி வாங்கும் நீட்டிப்பு வாரண்டியும் இதற்கு ஒப்பானதே என்பது இக்கால உலமாக்கள் பலரின் கருத்து. தேவையையும் வழக்கத்தையும் கருதி இடமளிப்போரும் உண்டு.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. மூன்று நிலைகளைப் பிரித்தறிக:

ஒன்று: நீட்டித்த காலமும் சேர்த்தே வண்டிக்கு ஒரே விலை என்று விற்றால், அது வியாபாரத்தில் அடங்கிய நிபந்தனை, மேலே கண்ட பூட்டின் சட்டமே இதற்கும்.

இரண்டு: கட்டும் பணத்துக்கு இத்தனை முறை சர்வீஸ், இத்தனை முறை ஆயில் மாற்றுவது என்று வேலை நிர்ணயமாகியிருந்தால், அது கூலிக்கு வேலை வாங்கும் ஒப்பந்தம். அது ஜாயிஸ்.

மூன்று: பழுது வந்தால் மட்டுமே பயன், வராவிட்டால் பணம் போயிற்று என்றிருந்தால், அதைத் தவிர்ப்பதே பேணுதல்.

ஷோரூம்களில் சில சமயம் வாங்குகிறவரைக் கேட்காமலேயே இத்தொகையைப் பில்லில் சேர்த்துவிடுகின்றனர். பில்லை வரிவரியாகப் படியுங்கள். வேண்டாமெனில் வேண்டாமென்று சொல்லுங்கள். தமக்குரிய நிலை எது என்பதில் ஐயமிருந்தால், சீட்டை எடுத்துக்கொண்டு போய் ஊரிலுள்ள ஆலிமிடம் காட்டித் தெளிவு பெறுங்கள். கட்டும் தொகையை வீட்டிலேயே ஓர் உண்டியலில் மாதம் நூறு ரூபாயாகப் போட்டு வந்தால், இரண்டு ஆண்டில் 2,400 ரூபாய் ஆகும். ஒரு டயரின் விலைக்கு அதுவே போதலாம். பழுது வராவிட்டாலும் பணம் நம்மிடமே இருக்கும்.

பொய்யான உரிமைக் கோரிக்கை

ஈரமான தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே காட்டி விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்து, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்த ஹதீஸைப் பயான்களில் கேட்டிருக்கிறோம். கேட்கும்போது கடைக்காரரைத்தான் நினைத்துக் கொள்கிறோம். வாங்குகிறவரும் ஏமாற்ற முடியும் என்பதை மறந்துவிடுகிறோம்.

பள்ளத்தில் விட்டதை மறைத்து, "தானாகவே வீங்கியது" என்று கூறுவது, நசுங்கிய ரிம்மைத் தட்டி நிமிர்த்திவிட்டு டயரை மட்டும் காட்டுவது, வேறு வண்டியின் பில்லைக் காட்டி உரிமை கோருவது, "கம்பெனிக்கு இது ஒரு பொருட்டா?" என்று சமாதானம் சொல்லிக் கொள்வது. இவை அனைத்தும் பிறர் பொருளைத் தவறான வழியில் உண்பதே. எதிரில் இருப்பவர் பெரிய கம்பெனி என்பதாலோ, முஸ்லிமல்லாதவர் என்பதாலோ அமானிதத்தின் சட்டம் மாறாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பதும் திருமறையின் கட்டளையே.

விற்பவர்களும் கேளுங்கள். தேய்ந்த டயரில் பள்ளத்தைச் சூட்டுக் கத்தியால் மீண்டும் கீறி நல்ல டயர் என்று விற்பது, பல ஆண்டு கிடந்த சரக்கைத் துடைத்து மெருகேற்றி புதிதென்று விற்பது, பக்கச் சுவரில் ஏறிய ஆணிக்கு ரப்பர் திரியைச் செருகி "ஒன்றும் ஆகாது" என்று அனுப்புவது ஆகியவை பொருள் மோசடி மட்டுமல்ல, உயிர் மோசடி. ஓட்டும்போது மடங்கி நிமிரும் இடம் பக்கச் சுவர். அங்கு போட்ட ஒட்டு நிற்காது. பழைய வண்டியை விற்பவரும் டயரின் நிலையைச் சொல்லியே விற்க வேண்டும். குறையைச் சொல்லாமல் விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் இப்னு மாஜாவில் உள்ளது.

குறையை மறைப்பதன் விளைவை உலகம் கண்ணால் கண்டது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடிய அந்த டயர்களின் மேல்பரப்பு ஓட்டத்திலேயே பிரிந்து, வண்டிகள் கவிழ்ந்து, 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். டயரா, வண்டியா, குறைந்த காற்றா எது காரணம் என்று இரு கம்பெனிகளும் ஒருவர் மீது ஒருவர் பழி போட்டன. அதே ஆண்டு நவம்பரில், குறை பற்றிய செய்தியை மறைக்காமல் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. குறையைச் சொல்லிவிடு என்று நமக்குக் கூறப்பட்டிருப்பதன் மதிப்பு, இத்தனை ஜனாஸாக்களைக் கண்ட பிறகாவது விளங்க வேண்டாமா?

உரிமை கோரும் முறை

"அத்தா! முன்சக்கரத்தில் என்னமோ புடைச்சிருக்கு" என்று பிள்ளை வந்து சொன்னால், "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள். அன்றே வண்டியை நிறுத்துங்கள். புடைத்த இடத்தையும், நான்கு இலக்க எண்ணையும், ரிம்மையும், ஓடிய கிலோமீட்டரையும் படம் எடுத்து வையுங்கள். டயரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள், அதுவே சாட்சி. டயர் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். பரிசோதித்தவர் மறுத்தால், மறுப்பின் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்பகறா அத்தியாயத்தில் அல்லாஹ் அறிவுறுத்துகிறான். அந்த ஒழுங்கு இங்கும் பயன் தரும்.

மறுப்பு நியாயமற்றது என்று உள்ளம் உறுதியாகச் சொன்னால், நாட்டின் சட்டத்தை நாடுவதில் தவறில்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், மனுதாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்ய இச்சட்டம் இடமளிக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதுமில்லை. பரிசோதனையின்றி குறையை அறிய முடியாதெனில், ஆணையம் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். அதனால்தான் டயரைப் பத்திரப்படுத்தச் சொன்னோம். ஆதாரம் காட்டுவது வாதியின் கடமை என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படையும் ஆயிற்றே!

வீட்டிலுள்ள தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. காகிதங்களைப் பேணுவது பெரும்பாலும் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. டயர் வாங்கிய பில்லையும், சர்வீஸ் புத்தகத்தையும், ஆர்.சி. புத்தகத்தின் நகலையும் ஓர் உறையிலிட்டு, மேலே தேதியை எழுதி, பெட்டியில் வையுங்கள். தேவைப்படும் நாளில் அதன் அருமை தெரியும்.

பாடத்தின் சுருக்கம்

1. டயருக்கு டயர் கம்பெனியின் வாரண்டியே வழி. வண்டி வாரண்டியும் நீட்டிப்பு வாரண்டியும் பெரும்பாலும் அதில் உதவா.

2. விற்றவரிடம் இருந்தபோதே உள்ள குறைக்கே அவர் பொறுப்பு. நாம் உண்டாக்கிய கேட்டுக்கு நாமே பொறுப்பு.

3. குறையை அறிந்த பின் பயன்படுத்தினால் உரிமை போகும். உடனே தெரிவிக்க வேண்டும்.

4. தேய்ந்த அளவைக் கழிப்பது அநியாயமல்ல.

5. விலையில் அடங்கிய வாரண்டி கூடும். நிர்ணயித்த வேலைக்குக் கூலியாகப் பணம் கொடுப்பதும் கூடும். பழுது வந்தால் மட்டும் பயன் தரும் தனிச் சீட்டைத் தவிர்ப்பது பேணுதல்.

6. விற்பவர் குறையை மறைப்பதும், வாங்கியவர் பொய்க் காரணம் சொல்வதும் ஒரே பாவத்தின் இரு கைகள்.

7. வாரம் ஒருமுறை, வண்டி சூடாகுமுன், சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் காற்றடிப்பது உயிரையும் பொருளையும் காக்கும்.

உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். வீட்டாரை நம்பவைத்து வாகனத்தின் பின்னால் உட்கார வைக்கிறோமே, அவர்களும் அமானிதமே. ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க மொட்டை டயரில் அவர்களை ஏற்றிச் செல்வது சிக்கனமாகாது.

விற்பவரும் வாங்குகிறவரும் உண்மை பேசிக் குறையை எடுத்துச் சொன்னால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்துப் பொய் சொன்னால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்பது ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. வல்ல ரஹ்மான் நம் கொடுக்கல் வாங்கலைச் சுத்தமாக்கி, நம் பிள்ளைகளின் பயணங்களைப் பாதுகாத்து, ஹலாலான ரிஜ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.